துண்டுக்கு வெளியே ஒரு கேமரா

போன வெள்ளிக்கிழமை சந்தை கலைந்த பிறகு நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் உன் படத்தைப் போட்டோம். ஆடு விற்றவர்களும் வாங்கியவர்களும் தரகர்களும் வண்டிக்காரர்களும் வீட்டுப் பெண்களோடு வந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்து முடித்ததும், இந்தப் படம் செஞ்சியைத் தாண்டி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சம்மதம் சொன்னார்கள். நீயும் அங்கேதான் இருந்தாய், மகனே. ஆனால் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஒயரைப் பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்ப்பதா ஜனங்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றாய். முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்தது உனக்குத் தெரியாது. நாளைக் காலையில் நீ படத்தோடு ரயிலேறப் போகிறாய், அதற்குள் எழுதிவிட வேண்டும். இதை நீ உன் நண்பர்களுக்குக் காட்டலாம், அச்சுக்கும் கொடுக்கலாம். உன் அம்மாவுக்கு எதையும் காதோடு காதாகச் சொல்லிப் பழக்கமில்லை. ஏன் பழக்கமில்லை என்பதில்தான் உன் படமும் ஆரம்பிக்கிறது.

வெளியூர்க்காரர்கள் படித்தாலும் புரிய வேண்டுமே, அதனால் நீ அறிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். நம் ஆட்டுச் சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கைமேலும் எதிராளி கைமேலும் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரல் விரலைப் பிடிக்கும். எந்த விரலை எப்படிப் பிடிக்கிறார் என்பதில் விலை இருக்கிறது. மேலே இரண்டு முகமும் மழையைப் பற்றியோ மாப்பிள்ளையைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில், ஆடு கொண்டுவந்த பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள், கை கொடுப்பது அண்ணனோ புருஷனோதான். நானோ சீயமங்கலத்தில் அக்கம்பக்கத்தார் ஆட்டையெல்லாம் விற்றுத் தருகிறேன் என்று வாங்கி ஓட்டிக்கொண்டு தனியாக வந்தவள். உன் நைனா அப்போது வேறொருவர் லாரியில் கிளீனர். ஏழுமலை அண்ணன்தான் அன்றைக்கும் இன்றைக்கும் சந்தையில் பெரிய தரகர். அவர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் போய் நானும் கையை நீட்டினேன். அவர் துண்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "இந்தாம்மா, பொம்பள கையப் புடிச்சு வெல பேசினேன்னு கேள்விப்பட்டா என் வூட்டுல எனக்கு சோறு கெடைக்குமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் அடம்பிடித்து என்னோடு வந்திருந்தாய். ஒரு குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்கள் இடுப்புக்குக் கீழே நின்றாய். இதை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன், பிறகு திரும்பி வருவேன்.

நீ சென்னைக்குப் போய்ப் படக்கலை படித்து, அதற்கு மேலும் படித்து, இனவரைவியல் படம் எடுக்கப் போகிறேன் என்று வந்தபோது அந்தப் பெயர் என் வாயில் நுழைய நாளாயிற்று. ஒரு ஜனக்கூட்டம் எப்படி வாழ்கிறது, எதை மதிக்கிறது, எதை மறைக்கிறது என்று கூடவே இருந்து பார்த்து எடுக்கிற படம் என்று நீ சொன்னாய். சரி, ஆடு வாங்கப் போகிறவன் செய்கிற வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன். நம் சந்தையையே எடுக்கப்போகிறேன் என்றாய். வெள்ளிக்கிழமை தவறாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஆட்டுப் புழுக்கையில் முட்டி போட்டு உட்கார்ந்து எடுத்தாய். "யக்கா, உன் மவன் ஆட்டையே பாக்குறானே, பொண்ணு எப்பப் பாப்பான்?" என்று ஜாபர் பாய் வாராவாரம் கேட்டார். கறிக்கடைக்கு மொத்தமாக ஆடு வாங்குகிறவர் அவர். அவர் வாயில் கேலி இல்லாத நாளில் சந்தையில் வியாபாரம் சரியில்லை என்று அர்த்தம்.

பிறகு நீ ஏழுமலை அண்ணனிடம் போய், கட்டைவிரல் அளவு கேமரா ஒன்றைக் காட்டி, இதைத் துண்டுக்குள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். அவர், "வச்சுக்க, வச்சுக்க. இருட்டுல அதுக்கு இன்னா தெரியப்போவுது?" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அந்தக் கேமராவுக்கு இருட்டிலும் தெரியும் என்பது உனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. இதை நான் குற்றமாக எழுதவில்லை, நீயே படத்தில் உன் குரலில் சொல்லிவிட்டாய். நான் எழுதினால் என்ன?

படம் ஒரு பெரிய விழாவுக்குத் தேர்வானது. அனுப்புவதற்கு முன்னால் எடுக்கப்பட்டவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன் என்று நீ முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தாய், அதைக் காப்பாற்றினாய். நம் வீட்டு மாடியில் உன் நைனாவின் வேட்டியைத் திரையாகக் கட்டி, ஏழுமலை அண்ணனையும் ஜாபர் பாயையும் பனமலையிலிருந்து ஆடு கொண்டுவருகிற கோவிந்தனையும் கூப்பிட்டு உட்காரவைத்தாய். படம் கோட்டையின் மேல் டிரோன் பறப்பதில் ஆரம்பித்தது. பறந்தது, பறந்தது, பறந்துகொண்டே இருந்தது. ஏழுமலை அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டேய் தம்பி, கோட்டைய யாருக்குடா பேசி முடிச்சே? ஆடு எங்கடா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. உள்ளூர் ஆள் ஒருவர்கூடப் பேசாமல், சென்னைக் குரல் ஒன்று 'இம்மக்கள்' 'இம்மக்கள்' என்று விளக்கிக்கொண்டே வந்தது. இந்த மனிதர்கள் என் ஜனமா, இல்லை பாடப் புத்தகத்தில் இருக்கிறவர்களா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் துண்டுக்குள்ளே போனது படம். பச்சை இருட்டில் இரண்டு கைகள். ஏழுமலை அண்ணனின் மோதிர விரல். அவரைப் பிடித்திருந்த கை கோவிந்தனுடையது. அவன் எந்த விலைக்கு ஒப்புக்கொண்டான் என்பது விரல் கணக்குத் தெரிந்த யாருக்கும் விளங்கும்படி அத்தனை பெரிதாகத் தெரிந்தது. 'பேரத்தின் அதிகாரம் இருளில் இயங்குகிறது' என்றது அந்தக் குரல்.

கோவிந்தன் அன்றைக்கு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்று மந்தையையே வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனவன். ஊரில் போய், நல்ல விலைக்குக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறான். மனைவியிடமும் மச்சானிடமும் அதே. மகளிடமும் அதையேதான், உன் படிப்புக்காக நஷ்டப்பட்டேன் என்று அந்தப் பெண் நினைக்கக்கூடாதே. இதை அச்சுக்குக் கொடுத்தால் அவன் பெயரையும் ஊரையும் மாற்றிவிடு. வேட்டியில் தன் விரலைப் பார்த்ததும் எழுந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனான். நீ "அண்ணே, அண்ணே" என்று பின்னால் ஓடினாய். ஏழுமலை அண்ணன் உன்னைத் தடுத்து நிறுத்தி, "துண்டு திருட்டுத்தனத்த மறைக்கறதுக்குன்னு நெனச்சுகினியா? கொறச்சு வித்தவன் தல நிமிந்து வூட்டுக்குப் போவணும்னுதான்டா அது. இந்தப் படம் வெளிய போச்சுன்னா, உன் அம்மா ஆட்டுக்கு இனிமே இந்தச் சந்தையில எந்தத் தரகனும் ஆளக் கூட்டியாரமாட்டான்" என்றார். மிரட்டலுக்குச் சொல்லவில்லை, விலை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். 

அவர்கள் போன பிறகு நீ கத்தினாய். "எல்லாம் உண்மைதானம்மா! ஒண்ணாவது பொய்யா எடுத்திருக்கேனா?" என்றாய். உன் நைனா, "உண்மைதான்டா, அதுக்காக நான் குளிக்கறதயும் எடுப்பியா?" என்று கேட்டுவிட்டு வேட்டியைக் கழற்றி மடித்தார். நான் உன்னிடம் ஒன்றுதான் கேட்டேன். "அந்தத் துண்டுக்குள்ள நீ இன்னாதான்டா தேடினே?" கேட்ட எனக்குப் பதில் தெரியாது. வியாபாரத்தில் எதிராளி ஒரு குறிப்பிட்ட ஆட்டையே சுற்றிச் சுற்றி வந்தால் ஏன் என்று கேட்போமே, அந்தப் பழக்கத்தில் கேட்டேன். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். எடுத்ததையெல்லாம் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறாய் என்பது ஆடு கத்துகிற சத்தத்தில் தெரிந்தது. நம் பட்டியில் உள்ளவை அதற்குப் பதில் கத்திக்கொண்டிருந்தன.

பட்டியில் நான் தழை கட்டிக்கொண்டிருந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அந்தக் காலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், விழாவை அல்ல. ஒரு மூட்டைமேல் அதை வைத்துத் துண்டுக் காட்சிகளை மட்டும் வரிசையாகக் காட்டினாய். "பாரும்மா. வேற எல்லாத்தையும் நேரா நின்னு எடுத்திருக்கேன். துண்டு வந்தா மட்டும் கேமரா கீழ போயிடுது. இடுப்புக்குக் கீழ. யாரும் சொல்லல, நான் யோசிச்சும் வைக்கல" என்றாய். பிறகு, "கை நடுங்குது பாரு, இங்க, இங்க, இங்கயும். எனக்குக் கோவம்மா. அன்னிக்கு உன் கைக்கு அந்தாளு துண்டை இழுத்துகினாரே, அந்தக் கோவம். சந்தையப் படம் எடுக்கறேன்னு நெனச்சுகினு, உன்னச் சேக்காதவங்க மேல கேசு கட்டியிருக்கேன்" என்றாய். அழுதாய். ஒரு வெள்ளாடு உன் சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தது, நீ கவனிக்கவில்லை.

மகனே, நான் தொழிலில் கற்றது ஒன்று இதோடு ஒட்டி வருகிறது. பக்ரீத்துக்கு முன்னால் என் பட்டி காலியாக இருந்தால், எந்த ஆட்டைப் பார்த்தாலும் எனக்குக் கொழுத்ததாகத்தான் தெரியும். ஆட்டில் ஒன்றும் இல்லை, என் தேவை கண்ணில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் சந்தைக்குள் நுழையும் முன்பு, இன்றைக்கு எனக்கு எது இல்லை என்று என்னையே கேட்டுக்கொண்டு நுழைவேன். ஆனால் மனசை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் வியாபாரம் நடக்காது. விற்கிறவர் கயிற்றை நீட்டும்போது கை ஒரு நொடி விடாமல் நின்றால், அது நன்றாக வளர்ந்த ஆடு, பல்லைப் பார்க்கவே வேண்டாம். அந்த நொடியைப் பார்க்க என் நெஞ்சும் கொஞ்சம் இளக வேண்டும், கல்லாக நிற்கிறவளுக்கு அது தெரியாது. இத்தனை வருஷம் இதைச் செய்துகொண்டிருந்தேன், சொல்லத் தெரியாது. உன் கேமரா கீழே இறங்குவதை நீ காட்டின பிறகுதான் எனக்கே இப்படி வார்த்தை கிடைத்தது. உன் படிப்பை நான் சாதாரணமாக நினைத்தவள் இல்லை, ஆனால் அது என் தொழிலுக்கும் உதவும் என்று நினைக்கவில்லை.

அப்புறம் நான் உன்னிடம் சொன்னதைக் கேட்டு உனக்கு அழுகை நின்று வாய் பிளந்தது. அன்றைக்குத் துண்டை இழுத்துக்கொண்டபோது எனக்கு முகம் சுட்டது உண்மை. ஆனால் எவ்வளவு நேரம்? சிரித்தவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நான் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, "இந்தா இந்தக் கெடாவுக்கு வெல சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க, ஒளிவு மறைவு கெடையாது" என்று கத்தினேன். ஓரமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களெல்லாம் என் பக்கம் நகர்ந்தார்கள். அவர்கள் காதால் கேட்ட முதல் விலை அது. எனக்கு வாய்வெலக்காரி என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அனந்தபுரம் வரைக்கும் ஆடு வைத்திருக்கிற பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைத் தேடி வருகிறார்கள். நம் வண்டி, நம் பட்டி, உன் படிப்பு, இந்த லேப்டாப் எல்லாம் அந்தக் கல்லிலிருந்து வந்தவை. நீ குட்டியைக் கட்டிக்கொண்டு கீழே நின்றதால் துண்டை இழுத்தது மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா கல்லில் ஏறினதை ஆட்கள் மறைத்துவிட்டார்கள். "அப்ப நான் இத்தினி வருஷமா தப்பான ஆளுக்காகக் கோவப்பட்டுகினு இருந்தேனா?" என்றாய். "கோவம் நல்ல கோவம்தான், ஆள்தான் மாறிப்போச்சு. தல குனிஞ்சு நின்னவ நான் இல்லடா" என்றேன். உடனே கேமராவை எடுத்து வந்து, "இப்ப சொன்னத திரும்பச் சொல்லு" என்றாயே! சாணிக் கையோடு சொன்னேன்.

கோவிந்தன் வீட்டுக்கு நீ போனதில் நான் தலையிடவில்லை. பனமலை ஏரிக்கரையில் அவனோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய், என்ன பேசினீர்கள் என்று இன்றுவரை கேட்கவும் இல்லை. அந்தச் சிறிய கேமராவில் இருந்ததை அவன் விரலாலேயே அழிக்கவைத்தாய் என்று மட்டும் சொன்னாய். விழாக்காரர்களுக்குப் போன் போட்டு, படம் மாறும், தேதிக்குள் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று தைரியமாகச் சொன்னாய். கிடைத்த பெரிய வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே விட்டுவிடத் துணிந்தாயே, அங்கேதான் எனக்கு நீ வியாபாரி மகன் என்று நம்பிக்கை வந்தது. விட்டுப் போகத் தெரியாதவனால் பேரம் பேச முடியாது.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன். கோட்டையே இல்லாமல் ஆரம்பித்தது படம். சந்தை மண்ணில் ஒரு குழந்தை உயரத்திலிருந்து கால்கள், வேட்டி நுனிகள், ஆடுகள். உன் குரல், நம் ஊர்ப் பேச்சிலேயே. 'நான் வாய்வெலக்காரி மவன். இந்த ஆளுங்க மேல எனக்கு ஒரு கோவம் இருந்துச்சு. அந்தக் கோவம்தான் கேமராவப் புடிச்சிருந்துச்சு.'  பின்னால் எவரோ, "தோ என் கெடா! தோ பாரு, கருப்பு!" என்று கத்தவும் சிரிப்பு கிளம்பியது. அதற்கப்புறம் ஒவ்வொருவரும் அவரவர் ஆட்டுக்குக் கைதட்டினார்கள். நான் சாணிக் கையோடு வந்து உன்னை மறுத்துப் பேசுகிற இடத்தில் பெண்கள் பக்கம் எழுந்த சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். துண்டு வந்தது.  கேமரா கீழே குனிந்தது, பிறகு மெதுவாக எழுந்து நின்று முகங்களைப் பார்த்தது. ஏழுமலை அண்ணன் முகம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. துணி மட்டும் அசைகிறது. 'இதுக்குள்ள ஒருவாட்டி பாத்துட்டேன். அது எனக்குச் சொந்தமில்ல, உங்களுக்குக் காட்டமாட்டேன்' என்கிறாய். அடுத்தது கோவிந்தனின் கை. கயிற்றைக் கொடுக்கிறது, கொடுக்காமல் நிற்கிறது, கொடுக்கிறது. விலை எங்கேயும் இல்லை. எனக்குப் பக்கத்தில் கோவிந்தனின் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, பின்னால் நின்றுகொண்டிருந்த அப்பாவைத் தேடி, "நைனா, இங்க வந்து குந்து" என்று தன் நாற்காலியில் பாதி இடம் விட்டாள். அவன் வந்து உட்கார்ந்தான். நீ ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்ததால் இதைப் பார்த்திருக்கமாட்டாய் என்றுதான் இந்தக் கடிதமே.

விளக்குப் போட்டதும் எல்லோரும் ஏழுமலை அண்ணனைப் பார்த்தார்கள். அவர் சரி என்றால்தான் சந்தை சரி என்னும். அவர் எழுந்து, தோளிலிருந்த துண்டை உதறி, நேராக என் முன்னால் வந்து நின்றார். கைமேல் துண்டைப் போட்டு நீட்டினார். "வா தங்கச்சி. படத்துக்குப் பேசி முடிச்சுடலாம். இன்னிக்கு என் வூட்டுல சோறு கெடைக்கலன்னா பரவாயில்ல" என்றார். அவர் மனைவி பின்வரிசையிலிருந்து, "கெடைக்காது!" என்றாள். மண்டபமே சிரித்தது. உன் முகத்தை அப்போது பார்த்தேன். வாங்கிக்கொள்ளம்மா, கையைக் கொடு என்று கண்ணாலேயே கெஞ்சினாய். இத்தனை வருஷக் கோபத்துக்கு அது உனக்கு நல்ல முடிவாக இருந்திருக்கும், கேமராவைக்கூட எடுத்துவிட்டாய். எனக்கும் மனசு இளகியது, மறைக்கவில்லை. ஆனால் எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். "துண்டைத் தோள்ல போடுண்ணா. அது நல்ல துண்டுதான், நல்ல காரணத்துக்குத்தான் இருக்குது. ஆனா என் பேரம் என்னிக்கும் வாயிலதான்" என்று சொல்லிவிட்டு நாற்காலிமேல் ஏறினேன். பிளாஸ்டிக் நாற்காலி, உன் நைனா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். ஏழுமலை அண்ணன் ஒரு நிமிஷம் என்னை அண்ணாந்து பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு, "சரி, கத்து" என்றார். கத்தினேன். அவரும் கத்தினார். ஜாபர் பாய் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் தரகு கேட்டார். நீ அழுதுகொண்டே எடுத்தாய். கேமரா நடுங்கியிருக்கும், இருக்கட்டும், அதை வெட்டாதே.

போய் வா. எங்கே எதைப் படம் எடுத்தாலும், எந்த இடத்தில் உன் கேமரா கீழே இறங்குகிறது என்று பார்த்துக்கொள். சாப்பாட்டுக்கு மட்டும் யாரிடமும் பேரம் பேசாதே, வயிறு நிறையச் சாப்பிடு. நீ சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்கமாட்டாய், அதனால் நாற்காலியில் நின்று பேசி முடித்ததைக் கீழே எழுதிவிடுகிறேன்.

படம் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் படத்தை மட்டும் அனுப்பக்கூடாது, நீயும் கூடப் போய் நின்று பதில் சொல்ல வேண்டும். துண்டுக்கு அடியில் இனி எந்தக் கேமராவும் போகாது, யார் சிரித்துக்கொண்டே சம்மதம் கொடுத்தாலும். கோவிந்தனின் விலையை எவர் கேட்டாலும் உனக்குத் தெரியாது. பரிசு என்று ஏதாவது வந்தால் அதில் பாதி சந்தையில் ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட. ஆண்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை நீ திரும்பி வந்து இதே மண்டபத்தில் படத்தைப் போட வேண்டும், அன்றைக்கு ஏழுமலை அண்ணன் வருகிற காட்சியை, அவர் தலைக்கு மை போட்டுக்கொண்டு வந்த பிறகு, ஒருமுறை புதிதாக எடுத்துச் சேர்த்துத் தர வேண்டும். ஜாபர் பாய்க்குத் தரகு கிடையாது.